தலையில்லாத தபால்தலை

வுப்பர்டால். எண்பத்தொன்று, நவம்பர்.
மூன்றாம் ஜன்னல் என்னுடையது.
ஆற்றின்மேல் தொங்கு ரயில் போகும்போதெல்லாம்
முத்திரைக் கட்டைகள் ஸ்டாண்டில் கிடுகிடுக்கும்.
எனக்குப் பழகிவிட்டது,
வரிசையில் நிற்பவர்கள்தாம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

புதுத் தாள்கள் வந்து இறங்கின,
பசை மணம் போகாமல்.
முகம் இல்லை. பூ இல்லை. கோட்டை இல்லை.
எழுத்து, வெறும் எழுத்து.
அரசியல் சட்டத்திலிருந்து மூன்று கருத்துகள்,
ஆளுக்கொரு நிறம்.
“கண் டாக்டர் பலகை மாதிரி இருக்கு,”
என்றாள் இரண்டாம் ஜன்னல் மெக்டில்ட்.
சேகரிப்பவர்கள் வந்தார்கள், இடுக்கியோடு.
ஓரத்து நான்கை மடங்காமல் கேட்டார்கள்.
யாரும் படிக்கவில்லை.
நானும் படிக்கவில்லை, எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை செவ்கெட் வந்தார்.
சாயப் பட்டறை; நகக்கண்ணில் அந்த வாரத்து நிறம்.
எர்சின்ஜானில் இருக்கும் தம்பிக்கு
வாரம் ஒரு கடிதம்.
அறுபது பெனிக் தலையைக் கையில் வாங்கி
வெளிச்சத்துக்குத் திருப்பி
எழுத்துக்கூட்டி, உதடு அசைய,
கடைசிச் சொல்வரைக்கும் வாசித்தார்:
எல்லா அரசதிகாரமும்
மக்களிடமிருந்தே பிறக்கிறது.

“மக்கள் என்றால்,” என்றார்,
“பதினேழு வருஷம். இதில் நான் உண்டா?”

அவருக்குப் பின்னால் ஆறு பேர்.
“அறுபது பெனிக்,” என்றேன்.
காசை எண்ணி வைத்தார், பத்துப் பத்தாக.

சொல்லியிருக்கலாம்.
போன அக்டோபர் தேர்தல் நாளில்
மழை என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.
ஓட்டு என்னிடம் இருந்தது, குடைதான் இல்லை.
இதை மெக்டில்டிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் போனபின் அந்த உறை என் முன்னால்.
விதி தெளிவு: முத்திரை தலைமேல் விழவேண்டும்,
மறுபடி செல்லாதபடி.
செல்லாத தலை, செல்லாத ஓட்டு,
இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
கட்டையை மையில் ஒற்றி ஓங்கினேன்.
‘மக்கள்’ என்ற இடத்தில் குத்தக் கை வரவில்லை.
ஓரத்தில், விலையின்மேல் விழுந்தது;
வட்டத்தில் முக்கால் பங்கு உறைக்குப் போயிற்று.
“குடித்திருக்கிறாயா?” என்றார்
மேற்பார்வையாளர் கோட்ஹாஃப்.
ரயிலைக் காட்டினேன்.

ஐந்து வாரம் கழித்து உறை திரும்பி வந்தது.
அங்கே அப்போது ராணுவத்தின் ஆட்சி.
பிரித்து, நாடாவால் ஒட்டி,
பெறுபவர் இல்லை என்று ஒரு கோடு.
தலையைக் காணோம்.
அது இருந்த இடத்தில் சுத்தமான செவ்வகம்,
பக்கத்தில் என் முத்திரையின் முக்கால் வட்டம்
எதையோ அணைக்கப் போய்
காற்றை அணைத்த மாதிரி.

உரித்தது யார்?
ஆல்பம் வைத்திருக்கும் சிப்பாய் மகனா?
அதைப் படிக்கத் தெரிந்த ஒருவனா?

செவ்கெட் உறையைப் பிரிக்கவில்லை.
வெற்றிடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
தம்பியைப் பற்றி ஒன்றும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அவரும் சொல்லவில்லை.
பட்டறைக் கோட்டின் உள்பையிலிருந்து
புது உறை எடுத்தார்; அதே பெயர்,
வேறு தெரு.

“அதுவே கொடுங்கள்,” என்றார்.
“இருப்பதிலேயே நீளமான வாக்கியம் உள்ளது.”

ஜன்னலில் ஈரப் பஞ்சுக் கிண்ணம் இருக்கிறது,
தள்ளி வைத்தேன் அவர் பக்கம்.
பார்த்தார்.
பிறகு நாக்கை நீட்டினார்,
நிதானமாக, முழுத் தலைக்கும்.